குழந்தையின் கழுத்தில் நெறி கட்டினால்: பொறுத்திருக்கும் வேளையும் புறப்படும் வேளையும்

சில ஆண்டுகளுக்கு முன், ரப்பர் தோட்டம் ஒன்றில் நடைபெற்ற சுகாதார விளக்கக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் தாய்மார் இருவர் நம்மை அணுகினர்.

ஒருவர் தம் நான்கு வயது மகனின் முகவாயைத் தூக்கிக் காட்டி, "ஐயா, இவன் கழுத்தில் பட்டாணி மாதிரி ஒன்று உருளுகிறது. புற்றுநோயாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பத்து நாளாக எனக்குத் தூக்கமே இல்லை" என்றார்.

மற்றவர் ஏழு வயதுச் சிறுமியை அழைத்து வந்திருந்தார். சிறுமியின் கழுத்தில் வலப்பக்கம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடப்பட்டிருந்தது. "இது வெறும் நெறிதான் ஐயா. வலிகூட இல்லை. இரண்டு மாதமாகப் பற்றுப் போடுகிறோம், கரைந்துவிடும்" என்று அவர் அமைதியாகச் சொன்னார்.

நாம் மருத்துவர் அல்லோம். ஆகவே, இருவரையும் அரசாங்க சுகாதார மருந்தகத்திற்குச் செல்லுமாறு வேண்டிக்கொண்டோம். அடுத்த முறை அத்தோட்டத்திற்குச் சென்றபோது அவர்களே நமக்குச் செய்தி கூறினர். அஞ்சி அஞ்சித் தூக்கமிழந்த தாயின் மகனுக்கு வந்தது, சளி பிடித்ததால் கட்டிய சாதாரண நெறி. அது மருந்தின்றியே சுருங்கிவிட்டது. அமைதியாக இருந்த தாயின் மகளுக்கோ காசநோய்.

அச்சம் ஓரிடத்திலும் நோய் வேறோரிடத்திலும் இருந்தன. வேறுபாட்டைக் காட்டும் அடையாளங்கள் அவ்விரு கழுத்துகளிலேயே இருந்தன. அவற்றைப் படிக்க எவரும் அத்தாய்மார்க்குக் கற்றுக் கொடுக்கவில்லை. அதனைக் கற்பதே இம்மாதப் பாடம்.

நெறி என்பது யாது?

நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்கள் என்னும் மெல்லிய குழாய்களும் உள்ளன. அவற்றில் நிணநீர் என்னும் தெளிந்த நீர் ஓடுகிறது. தசைகளுக்கு இடையே தேங்கும் நீரையும், அங்குப் புகுந்த கிருமிகளையும் அது ஏந்திச் செல்கிறது. அது செல்லும் வழியில் ஆங்காங்கே அவரை விதையின் வடிவில் சிறு முடிச்சுகள் அமைந்துள்ளன. இவையே நிணநீர்க் கணுக்கள். உடல் முழுவதும் சுமார் 600 கணுக்கள் உள்ளன. அவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை தலையிலும் கழுத்திலும் இருக்கின்றன.

மரம் வெட்டும் தோழர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் சுமந்து வந்து ஸ்டோரில் ஊற்றும்போது சல்லடையின் வழியாகவே ஊற்றுகிறீர்கள். இலையும் பட்டைத் துணுக்கும் உறைந்த கட்டியும் சல்லடையில் தங்கிவிடுகின்றன. தூய பால் கீழே இறங்குகிறது. நிணநீர்க் கணுவும் அத்தகைய சல்லடையே. கிருமிகளைத் தடுத்து நிறுத்தி, அவற்றோடு போரிடும் வெள்ளை அணுக்களை அங்கேயே பெருக்குகிறது. அப்போது அது வீங்குகிறது. அதனையே நாம் நெறி கட்டியிருக்கிறது என்கிறோம்.

சல்லடையில் குப்பை நிறைந்திருந்தால் சல்லடையை யாரும் குறை கூறுவதில்லை. பாலில் குப்பை எங்கிருந்து வந்தது என்றே பார்ப்போம். நெறியும் அவ்வாறே. பெரும்பாலும் அது நோயன்று, நோய் வந்திருக்கிறது என்று கூறும் அடையாளம்.

சிறு குழந்தைகளுக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் அவர்களுடைய கணுக்கள் வேலை செய்கின்றன. ஆதலால், நலமாக விளையாடும் குழந்தையின் கழுத்திலும் தொட்டால் உருளும் சிறு நெறிகள் இருப்பது வழக்கம். மெலிந்த குழந்தைகளிடம் அவை கண்ணுக்கும் தெரியும்.

இடத்தைக் கொண்டு காரணத்தை அறிதல்

ஒவ்வொரு கணுவுக்கும் தனக்கென்று ஓர் எல்லை உண்டு. நெறி கட்டியுள்ள இடத்தைக் கொண்டு காரணத்தைத் தேடலாம்.

தலையின் பின்புறத்திலும் பிடரியிலும் நெறி கட்டினால் தலையைப் பாருங்கள். பேன் கடித்துச் சொறிந்த புண், சிரங்கு, படர்தாமரை ஆகியவற்றுள் ஒன்று அங்கிருக்கக் கூடும்.

காதுக்கு முன்னால் கட்டினால் கண்ணையும் நெற்றிப் பொட்டையும் பாருங்கள். கண்வலி வந்திருக்கலாம்.

தாடைக்குக் கீழே கட்டினால் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சொத்தைப் பல், ஈறு வீக்கம், வாய்ப்புண், தொண்டைப் புண் ஆகியவை இதற்குக் காரணமாகும். தூங்கும்போது இனிப்புப் பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே உறங்கும் குழந்தைகளுக்குப் பால் பற்கள் விரைவில் சொத்தையாகின்றன என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

கழுத்தின் பக்கவாட்டில் கட்டினால் பெரும்பாலும் சளி, தொண்டை வலி, டான்சில் வீக்கம் ஆகியவையே காரணம். பூனை பிறாண்டிய சில வாரங்களில் அப்பக்கத்து நெறி வீங்குவதும் உண்டு.

காறை எலும்புக்கு மேலே, அதாவது சட்டைக் கழுத்துப் படியும் குழியில் நெறி கட்டினால் மட்டும் வீட்டில் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அவ்விடத்து நெறி மார்பிலும் வயிற்றிலும் உள்ள கோளாற்றைக் காட்டக் கூடும். சிறியதாயினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நெறிக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிதல் நன்று. பொன்னுக்கு வீங்கியில் வீங்குவது கணு அன்று. காதடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி. தாடையின் முனை தெரியாதவாறு கன்னம் வீங்கிக் காது மடல் சற்று மேலெழும், மெல்லும்போது வலிக்கும். அதற்குப் பொன் நகை அணிவிக்கும் வழக்கத்தால் கேடில்லை. ஆனால் குணமும் இல்லை. அக்குழந்தையை மருந்தகத்தில் காட்டி, வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாள்களுக்கு ஆயாக்கொட்டகைக்கோ பள்ளிக்கோ அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும்.

தொட்டுப் பார்க்கும் முறை

குழந்தையை வெளிச்சத்தை நோக்கி மடியில் அமர்த்துங்கள். மூன்று விரல்களின் நுனிச் சதையால் கழுத்தின் இரு பக்கங்களையும் மெதுவாக உருட்டிப் பாருங்கள், அழுத்த வேண்டுவதில்லை. அப்போது ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எவ்வளவு பெரியது? பச்சைப் பட்டாணி அளவு ஏறத்தாழ 1 செண்டிமீட்டர். அவ்வளவு கவலைக்குரியதன்று. இப்போது வழங்கும் 20 காசு நாணயத்தின் அகலம் 2 செண்டிமீட்டருக்குச் சற்று மேல். ரப்பர் விதையும் அதைவிடச் சிறியதன்று. அவ்வளவு பெரிய நெறியை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2. மெத்தென்று இருக்கிறதா, கல்லைப் போல் இறுகியிருக்கிறதா?

3. விரலுக்குக் கீழே வழுக்கி நகர்கிறதா, ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறதா?

4. தொட்டால் வலிக்கிறதா? மேல்தோல் சிவந்து சூடாக உள்ளதா?

5. எத்தனை நாள்களாக இருக்கிறது?

ஐந்தாம் கேள்விக்கே பெரும்பாலோரால் விடை கூற இயலுவதில்லை. "கொஞ்ச நாளாக" என்பர். அது பத்து நாளாகவும் இருக்கும், மூன்று மாதமாகவும் இருக்கும். ஆகவே, நெறியை முதன்முதலில் கண்ட நாளைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் தொட்டுப் பார்த்து, பெருத்ததா, சுருங்கியதா என்று குறியுங்கள். நாள்தோறும் பத்து முறை கிள்ளிப் பார்த்தால் நெறி அதனாலேயே புண்படும்.

வலி பற்றி ஒரு சொல். வலித்தால் தீயது, வலிக்காவிட்டால் நல்லது என்று பலரும் எண்ணுகின்றனர். இது பிழையான கணக்கு. சளியாலும் தொண்டைப் புண்ணாலும் கட்டும் நெறிதான் பெரும்பாலும் வலிக்கும். நாள்பட்ட காசநோயிலும் அரிதாக வரும் இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றிலும் நெறி வலியின்றியே வளரும். வலியில்லை என்பதை மட்டும் நம்பி வாளா இருத்தல் கூடாது.

பொறுத்திருக்கத் தக்கவை

குழந்தைக்குச் சளியோ தொண்டை வலியோ வந்திருக்கிறது; நெறி பட்டாணி அளவே உள்ளது; மெத்தென்று நகர்கிறது; குழந்தை உண்கிறது, விளையாடுகிறது. இத்தகைய நெறியை வீட்டிலிருந்தே கவனிக்கலாம். சளி நீங்கிய பின்னரும் அது சுருங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். சில குழந்தைகளுக்குச் சிறு பட்டாணியாகப் பல மாதங்கள் தங்கியிருப்பதும் உண்டு. பெருக்காத வரையில் அதனால் தீங்கில்லை.

வலியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றடம் கொடுக்கலாம். காய்ச்சலுக்குப் பாரசித்தமோல் மருந்தைக் குழந்தையின் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். அளவை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தலாகாது.

மருந்தகத்திற்குச் செல்ல வேண்டிய வேளை

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருப்பினும் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள்:

நெறி 2 செண்டிமீட்டருக்கு மேல் இருத்தல்;
இரண்டு வாரமாகியும் சுருங்காமல் பெருத்துக்கொண்டே போதல், அல்லது ஆறு வாரமாகியும் பெரிதாகவே இருத்தல்;
கல்லைப் போல் இறுகி, நகராமல் இருத்தல்;
காறை எலும்புக்கு மேல் கட்டியிருத்தல்;
கழுத்தில் மட்டுமன்றி அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலும் கட்டியிருத்தல்;
எடை குறைதல், இரவில் உடை நனையுமளவு வியர்த்தல், நாள்பட்ட இருமல், காரணமற்ற காய்ச்சல்;
உடல் வெளிறிப் போதல், அடிபடாமலே உடலில் கன்றிய தழும்புகள் தோன்றுதல்;
வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருத்தல்;
பச்சிளங் குழந்தையின் கழுத்திலோ அக்குளிலோ கட்டி காணப்படுதல்.

நெறி சிவந்து, சூடேறி, வலியுடன் காய்ச்சலும் இருந்தால் அன்றே அல்லது மறுநாளே காட்டுங்கள். அதில் சீழ் பிடித்திருக்கலாம். மருத்துவர் தரும் மருந்தை நாள் தவறாமல் முழுவதும் கொடுக்க வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் தணியாமல், கண்ணும் உதடும் நாக்கும் சிவந்து, உடலில் தடிப்பும் கழுத்தில் நெறியும் காணப்பட்டால் அது கவாசாக்கி நோயாக இருக்கக் கூடும். 1967-ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதிய ஜப்பானிய மருத்துவரின் பெயரையே இந்நோய் பெற்றுள்ளது. கவனியாது விட்டால் இது இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்கும். முதல் பத்து நாள்களுக்குள் மருத்துவம் தொடங்கினால் அவ்வாபத்துப் பெரிதும் குறையும். எல்லா அறிகுறிகளும் ஒரே நாளில் தோன்றுவதில்லை. ஆதலால் ஐந்து நாள் காய்ச்சல் என்றாலே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரு நொடியும் தாமதியாமல் செல்ல வேண்டிய வேளை

மூச்சுவிடத் திணறுதல், எச்சிலையும் விழுங்க இயலாமல் வாயிலிருந்து ஒழுகவிடுதல், வாயைத் திறக்க இயலாமை, கழுத்தைத் திருப்ப இயலாமல் விறைத்துப் போதல், எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடத்தல், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலுடன் நெறி கட்டுதல் ஆகியவை அவசர நிலைகள். 999 என்னும் எண்ணை அழையுங்கள். அல்லது கிடைக்கும் வண்டியில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். விடியட்டும், பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கழுத்து முழுவதும் எருதின் கழுத்தைப் போல் வீங்கி, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் காணப்பட்டால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். இது பழங்கால நோய், ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் இந்நோயால் குழந்தைகள் உயிரிழந்தனர். தடுப்பூசி போட்டிருந்தால் காத்திருக்கத் தக்க உயிர்கள் அவை.

கண்டமாலையும் காசநோயும்

கழுத்தில் மாலை கோத்தாற்போல் வரிசையாக நெறி கட்டி, வலியின்றிப் பெருத்து, பின் உடைந்து ஆறாத புண்ணாகும் நோயை நம் முன்னோர் கண்டமாலை என்றனர். இதற்குப் பெரும்பாலும் காரணம் காசநோய்க் கிருமியே என்பதை இன்று அறிவோம். 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் அக்கிருமியைக் கண்டறியும் வரை உலகெங்கும் மக்கள் கைவைத்தியத்தையும் நம்பிக்கையையுமே சார்ந்திருந்தனர். இங்கிலாந்தில் அரசர் தொட்டால் கண்டமாலை குணமாகும் என்று நம்பினர். பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருந்தபோது, 1712-இல், ஆன் அரசியிடம் கொண்டு சென்றனர். அரசி தொட்டும் குணமாகவில்லை; தழும்புகளே மிஞ்சின. ஆகவே, பற்றுப் போட்ட பாட்டியை நாம் ஏளனம் செய்யவில்லை. அரசிக்கு இல்லாத மருந்து இன்று நமக்கு உண்டு என்பதையே சொல்கிறோம்.

நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல் தொடங்கப்பட்டது. கணுவில் வரும் காசநோயை ஊசியால் சிறிது சதை எடுத்து ஆய்ந்தும், தோலில் சோதனை ஊசி போட்டும், மார்பை எக்ஸ்ரே எடுத்தும் கண்டறிகின்றனர். பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்தில் நோய் குணமாகிறது. மருந்து தொடங்கிய பின் சில வேளை நெறி சிறிது பெருப்பதும் உண்டு. அதைக் கண்டு அஞ்சி மருந்தை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

கழுத்து நெறியில் மட்டும் உள்ள காசநோய் தொட்டாலோ சேர்ந்து உண்டாலோ பரவுவதில்லை. குழந்தையின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைத்து அதன் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். மாறாக, வேறொன்றைச் சிந்தியுங்கள்: குழந்தைக்கு இக்கிருமி எங்கிருந்து வந்தது? குழந்தைகள் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர்களின் இருமலிலிருந்தே இதனைப் பெறுகின்றனர். எனவே வீட்டார் அனைவரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

செய்யத் தகாதவை

நெறியைப் பிதுக்குதல், கீறுதல், ஊசியால் குத்துதல், சூடு போடுதல் ஆகியவை கூடவே கூடா. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். மருத்துவர் பார்க்க வேண்டிய அடையாளத்தையும் மறைக்கும். பேனை ஒழிக்க மண்ணெண்ணெய் தடவாதீர்கள். அது தீப்பற்றும்; தோலை எரிக்கும். ஈர உருவிச் சீப்பால் வாருவதும் மருந்தகத்தில் தரும் பேன் மருந்தும் போதும். சென்ற முறை மிஞ்சிய மருந்தையோ அண்டை வீட்டுக் குழந்தையின் மருந்தையோ கொடுக்காதீர்கள்.

வருமுன் காத்தல்

பிறந்தவுடன் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியும், 2, 3, 5, 18 ஆகிய மாதங்களில் தொண்டை அடைப்பான் உள்ளிட்ட நோய்களுக்கு எதிரான ஊசியும், 9, 12 ஆகிய மாதங்களில் அம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றுக்கு எதிரான ஊசியும் அரசாங்க மருந்தகங்களில் நம் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகின்றன. பி.சி.ஜி. போட்ட சில மாதங்களில் இடப்பக்க அக்குளில் நெறி கட்டினால் தாதியிடம் காட்டுங்கள், பிதுக்காதீர்கள். காலையும் இரவும் பல் துலக்குவித்தல், வாரம் ஒரு முறை தலையைப் பிரித்துப் பார்த்தல், சிரங்கை உடனே ஆற்றுதல் ஆகிய மூன்றும் பல நெறிகளைக் கட்டவிடாமல் தடுக்கும்.

ஒரு நாள் சம்பளம்

"மருந்தகத்திற்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே" என்று நீங்கள் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். அது சிறிய இழப்பன்று என்பதை நாம் அறிவோம். அதனால்தான் எந்த நெறிக்குப் போக வேண்டும், எதற்குப் போக வேண்டியதில்லை என்று இவ்வளவு விரிவாக எழுதினோம். போக வேண்டாத நாளில் போகாதிருந்தால், போக வேண்டிய நாளில் தயங்க வேண்டியிராது. குடிமக்களுக்கு அரசாங்க சுகாதார மருந்தகத்தில் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். புறப்படும்போது குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தையும், நாட்காட்டியில் குறித்த தேதியையும் எடுத்துச் செல்லுங்கள்.

தொடக்கத்தில் கூறிய சிறுமியின் கதையில் ஒரு பகுதி எஞ்சியுள்ளது. அவளுக்குக் காசநோய் என்று தெரிந்தவுடன் வீட்டார் அனைவரையும் சோதித்தனர். நெடுநாளாக இருமிக்கொண்டிருந்த தாத்தாவின் சளியில் கிருமி இருந்தது. சுருட்டுப் பிடிப்பதால் வரும் இருமல் என்றே அதுவரை அனைவரும் எண்ணியிருந்தனர். அவ்வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. தாத்தாவும் பேத்தியும் ஒன்றாகவே மருந்து உண்டனர். நோய் பற்றாதிருக்கக் கைக்குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது.

நாம் இரண்டாம் முறை சென்றபோது மருந்து முடியும் தறுவாயில் இருந்தது. சிறுமியின் தாய் அவள் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். நெறி பட்டாணியாகச் சுருங்கியிருந்தது. "இதை நான் இன்னும் இரண்டு மாதம் பற்றுப் போட்டு மூடியிருந்தால், கைக்குழந்தை என்ன ஆகியிருக்கும் ஐயா?" என்று கேட்டார். நாம் விடை கூறவில்லை. அவருக்கே அது தெரிந்திருந்தது.

இன்றிரவு உங்கள் குழந்தையை மடியில் அமர்த்தி ஒரு முறை கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் மகிழுங்கள். ஏதேனும் இருந்தால் நாட்காட்டியில் ஒரு வட்டம் இடுங்கள்.